வாங்கிய காரின் அடிப்பக்கத் துரு: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

பழைய கார் வாங்கப் போகிறவர் எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பார். ஏ.சி. குளிர்கிறதா என்று கைவைத்துப் பார்ப்பார். டயர் தேய்மானம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், ஆர்.சி. புக்கில் எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் பார்ப்பார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் குறைவு. பெயர் மாற்றம் முடிந்து, முதல் சர்வீஸுக்கு லிஃப்டில் ஏற்றும்போதுதான் அடிப்பக்கம் கண்ணில் படுகிறது. மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டுகிறார். தகடு பழுப்பேறிக் கிடக்கிறது, சில இடங்களில் செதில் செதிலாக உரிகிறது.

அந்த நேரத்தில் மனம் இரண்டு பக்கம் ஓடும். ஒன்று, “வண்டி போச்சு” என்று வந்த விலைக்குத் தள்ளிவிடத் தோன்றும். இன்னொன்று, “ஒரு கோட்டிங் அடிச்சா சரியாயிடும் சார்” என்று யாராவது சொன்னதும் கறுப்புப் பூச்சை அடித்து மூடிவிடத் தோன்றும். இரண்டில் அதிகக் கெடுதல் செய்வது கோட்டிங்தான். துருவின் மேல் பூசிய பூச்சு துருவை நிறுத்தாது. அதை நம் கண்ணிலிருந்து மறைக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள், பிறகு துருவைச் சுரண்டி எடுங்கள், பிறகு இரும்பை நன்றாக உலரவிடுங்கள், கடைசியாகத்தான் பூசுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையின் விரிவு.

நம் ஊரில் துரு எங்கிருந்து வருகிறது

இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். உப்புக் கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு என்பதே இரும்பின் மேல் நடக்கும் ஒரு மின்வேதி மாற்றம். கடல் உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் கடலோர வண்டியின் அடிப்பக்கம் மெல்லிய ஈரப்படலத்தோடு இருப்பது அதனால்தான்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாம் சிக்ரி என்று அழைப்பது, உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. இரும்பை அவ்வளவு வேகமாகத் தின்னும் காற்று அங்கே வீசுகிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துரு தாங்கும் தனிப் பூச்சு கொடுத்ததும் இதே காரணத்தால்தான். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர், சென்னையின் கடற்கரையோரத் தெருக்கள் என்று எங்கே நின்ற வண்டியானாலும் இந்தக் காற்றைக் குடித்திருக்கும்.

உப்பு காற்றில் மட்டும் வருவதில்லை. கடலோரப் பகுதிகள் பலவற்றில் போர் தண்ணீரே உப்பு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அப்படிப்பட்ட போர் தண்ணீரில் வாரம் தவறாமல் வாட்டர் வாஷ் செய்த வண்டிக்கு மேலே பளபளப்பு இருக்கும், அடியில் உப்புப் படிந்திருக்கும். மீன் பெட்டி ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புநீர் தரைத்தகட்டில் இறங்கியிருக்கும். கடற்கரை மணலில் இறக்கி ஓட்டிய வண்டியில் உப்பு மணல் மட்கார்டுக்குள் ஒட்டியிருக்கும்.

அடுத்தது வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையிலும் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. வெள்ளத்தில் நின்ற காரில் துரு வெளியிலிருந்து உள்ளே போவதில்லை. மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் சேறு தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

வண்டியின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அடியில் படுப்பதற்கு முன் உள்ளே உட்கார்ந்தபடியே சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

1. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சுருண்டிருந்த பகுதியில் மண் நிறக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது.
2. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் பாருங்கள். உட்காரும் இடத்துக்கு அடியில் மழை பெய்வதில்லை. அங்கே கனத்த துரு இருக்கக் காரணமே இல்லை.
3. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். வண்டல் படிந்திருந்தால் வெள்ளம். தெளிந்த தண்ணீர் தேங்கியிருந்தால் பின்கதவு ரப்பரிலோ பின்விளக்கின் ஓரத்திலோ கசிவு.
4. மிதியடியைத் தூக்கிவிட்டு, கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அடியில் இருக்கும் தடித்த பஞ்சு தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து ஏறி நின்றால் உண்மை தெரிந்துவிடும்.

நான்காவது சோதனையில் முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடம் மட்டும் ஈரமாக இருந்தால் பெரும்பாலும் அது மழைத்தண்ணீர் அல்ல, ஏ.சி. தண்ணீர். ஏ.சி.யில் சேரும் நீர் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்குக் கீழே சொட்ட வேண்டும். அந்தக் குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே இறங்கும். வருடம் முழுக்க ஏ.சி. ஓடும் நம் ஊரில், தரைத்தகடு உள்ளிருந்து அரித்துப்போக இது ஒரு முக்கியக் காரணம். குழாயைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் அடியில் என்ன பூசினாலும் வீண்.

இன்னொரு வழி வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் வேப்பிலையும் பூவும் விழுந்து அங்கே மக்கி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். பானெட்டைத் திறந்து கையால் அள்ளிப் போடுங்கள்.

அடியில் போகும் முன்

> எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ நீட்டாதீர்கள். ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. துரு ஏறிய வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே உளுத்துப்போயிருந்து, தூக்கும்போது தகடு உள்ளே மடங்கிவிடலாம்.

மெக்கானிக் ஷெட்டில் லிஃப்டில் ஏற்றியோ பிட்டில் நிறுத்தியோ பார்ப்பதுதான் சிறந்தது. ஒரு சிறு தொகை கொடுத்தால் கால் மணி நேரம் பார்க்க விடுவார்கள். வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்றால் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி, ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போகலாம். கண்ணாடி போடுங்கள்; மேல்நோக்கித் தட்டும்போது செதில் நேராகக் கண்ணில் விழும். சைலன்சர் ஆறும்வரை பொறுங்கள்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், பெரிய ஸ்க்ரூ டிரைவர், கம்பி பிரஷ், துணி சுற்றிய சிறு காந்தம், கேமரா உள்ள போன். பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு மதிப்பு கேட்கும்போதும், விற்றவரிடம் பேச வேண்டி வந்தாலும் அந்தப் படங்கள்தான் உதவும்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்

இன்றைய கார்களில் லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, பக்கச் சட்டங்கள், தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்ட ஒரே கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. எனவே ‘வெறும் தகடுதானே’ என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. முன்னிருந்து பின்னாக இந்த வரிசையில் பாருங்கள்.

முன் மட்கார்டின் உட்புறம்: பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினால் அதற்குப் பின்னால் ஒரு கை மண் உட்கார்ந்திருக்கும். ஷாக் அப்சார்பரின் மேல்முனை உடம்போடு சேரும் இடத்தைப் பானெட்டுக்குள்ளிருந்தும் பாருங்கள். பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் ஒரு பார்வை வேண்டும். அங்கே அமிலம் கசிந்து அரித்திருக்கும்.

கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டிப் பகுதி: பட்டறைகளில் இதை ரன்னிங் போர்டு என்பார்கள். காரின் அடிப்பக்கத்தில் மிக முக்கியமான இடம் இது. இதன் அடிவிளிம்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். உள்ளே போன தண்ணீர் அவற்றின் வழியே வடிய வேண்டும். அவை மண்ணாலோ முந்தைய கோட்டிங்காலோ அடைபட்டிருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். பழுப்புத் தண்ணீரும் துருத்தூளும் கொட்டினால் உள்ளே நிலைமை என்ன என்று புரிந்துவிடும்.

ஜாக்கி வைக்கும் இடங்கள்: ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பெயிண்ட் உரிவதால் துரு முதலில் பிடிப்பது இங்கேதான்.

தரைத்தகடு: இரண்டு தகடுகள் சேரும் தையல்களைப் பாருங்கள். வட்ட ரப்பர் மூடிகள் ஏதாவது காணாமல் போயிருந்தால், அந்த ஓட்டை வழியே ஒவ்வொரு மழையிலும் கார்ப்பெட் நனைந்திருக்கும்.

பிரேக் குழாய், பெட்ரோல் குழாய்: தரைக்கு அடியில் ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் இவை. கிளிப் பிடிக்கும் இடங்களில் சேறு தங்கி அரிக்கும்.

பின் சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடங்கள், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டைகள், பின் மட்கார்டின் உள்விளிம்பு, ஸ்டெப்னி குழியின் அடிப்பக்கம்: கடைசியாக இவை.

பார்ப்பதோடு நிற்காமல் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ரன்னிங் போர்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு ‘டங் டங்’ என்று ஒரே சுருதியில் ஒலிக்கும். துரு தின்ற இடம் வந்ததும் ஒலி அமுங்கி ‘தொப்’ என்று கேட்கும். கைப்பிடி சற்று உள்வாங்குவதும் தெரியும். அங்கே ஸ்க்ரூ டிரைவரின் முனையை அழுத்துங்கள். தகடு எதிர்த்து நின்றால் மேல்துரு. பொறபொறவென்று உதிர்ந்து முனை உள்ளே இறங்கினால் தகடு இல்லை, பெயிண்ட் மட்டும்தான் நிற்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ பட்டி பார்த்தோ ஃபைபர் ஒட்டியோ ஓட்டையை மறைத்திருக்கிறார்கள்.

துருவில் மூன்று நிலை

எல்லாத் துருவுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. முதலில் எந்த நிலை என்று பிரியுங்கள்.

*முதல் நிலை, மேல்துரு.* கம்பி பிரஷால் தேய்த்ததும் போய்விடும். கீழே தகடு மழமழப்பாக இருக்கும். சைலன்சர், சஸ்பென்ஷன் கைகள், ஆக்சில் போன்ற தடித்த இரும்புகளில் இது சாதாரணம். மழையில் நின்ற மறுநாள் பிரேக் டிஸ்க்கில் தெரியும் செம்பழுப்பு, வண்டி சற்று ஓடிப் பிரேக் பிடித்ததும் மறைந்துவிடும். இவற்றுக்காகக் கலங்க வேண்டாம்.

*இரண்டாம் நிலை, செதில் துரு.* துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது, தகடு அடுக்கடுக்காக உப்புகிறது. செதிலைச் சுரண்டினால் கீழே அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் தெரியும். காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருப்பதில்லை. ஆகவே குழியின் ஆழம் முக்கியம். தட்டியும் குத்தியும் தகடு தாங்கினால் காப்பாற்றிவிடலாம். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

*மூன்றாம் நிலை, ஓட்டை.* இதற்கு மருந்தும் இல்லை, பூச்சும் இல்லை. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்வதுதான் ஒரே வழி.

நிலையோடு இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டெப்னி குழியில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை இருந்தால் அது தொந்தரவு. அதே அளவு ஓட்டை சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்திலோ, ரன்னிங் போர்டிலோ, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்திலோ இருந்தால் அது உயிர் விஷயம். மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய பகுதிகள் அவை. பிரேக் குழாயில் குழி விழுந்திருந்தாலோ செதில் உரிந்தாலோ ஈரம் கசிந்தாலோ வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் குழாயை மாற்றுங்கள். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் முயலாதீர்கள். மிச்சமிருக்கும் இரும்பும் மெலிந்துவிடும்.

மேல்துருவையும் செதில் துருவையும் நீங்களே சரிசெய்யும் முறை

நேரம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறிய பிப்ரவரி முதல் மே வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். மழைநாளில் செய்தால் தகடு உலர்ந்ததுபோல் தெரியும், உலர்ந்திருக்காது.

1. கழுவுங்கள். நல்ல தண்ணீரில், உப்பில்லாத தண்ணீரில், அடிப்பக்கம் முழுவதையும் பீய்ச்சிக் கழுவுங்கள். லைனர்களைக் கழற்றிவிட்டுக் கழுவினால்தான் மண் போகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டிகிரீசர் போட்டுத் தேயுங்கள். கிரீஸின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

2. உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் ஓட்டி உலர்த்துங்கள். கார்ப்பெட் ஈரமாக இருந்தால் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். காற்றுப்பை உள்ள வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒயர்கள் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்வது நல்லது.

3. சுரண்டுங்கள். தளர்ந்த செதிலைப் பட்டைக் கத்தியால் எடுத்துவிட்டு, கம்பி பிரஷாலோ கிரைண்டரில் மாட்டும் கப் பிரஷாலோ தேயுங்கள். ஓரங்களை 80 எண் எமரி தாளால் இழைத்து, நல்ல பெயிண்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடம் வரை போங்கள். துரு எப்போதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டிப் பெயிண்டுக்கு அடியிலும் ஊர்ந்திருக்கும். முகமூடியும் கையுறையும் கட்டாயம். பெட்ரோல் டேங்க், குழாய்கள் பக்கம் கிரைண்டர் வேண்டாம், தீப்பொறி பறக்கும். அங்கே கைப்பிரஷ் போதும்.

4. துருமாற்றி. குழிகளுக்குள் பிரஷ் எட்டாத துரு கொஞ்சம் மிஞ்சும். அதற்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவைக் கறுத்த, நிலையான ஒரு சேர்மமாக மாற்றும். மெல்லிய பூச்சாகப் பூசி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை விடுங்கள். செதிலை எடுக்காமல் அதன் மேலேயே ஊற்றினால் மேல்பரப்பு மட்டும் கறுக்கும், அடியில் துரு அப்படியே இருக்கும். பளபளக்கும் வெற்றிரும்புக்கு இது தேவையில்லை. பூசிய பிறகு கழுவ வேண்டுமா வேண்டாமா என்பதையும் பாட்டிலைப் படித்துச் செய்யுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது.

5. பிரைமர். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ரெட் ஆக்சைடாக இருக்கும். வீட்டு கேட்டுக்கு அது போதும். மழைத்தண்ணீரும் கல்லும் அடிக்கும் காரின் அடிப்பக்கத்துக்கு, இரண்டு டப்பாவாக வந்து கலந்து பூசும் எபாக்சி பிரைமர்தான் சரி. இரும்பை இறுகப் பிடித்து ஈரத்தைத் தடுக்கும். கலவை அளவை மாற்றாமல், இரண்டு மெல்லிய கை பூசுங்கள்.

6. சீலர். தகடுகள் சேரும் தையல்களில் பழைய சீலர் வெடித்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் புதுச் சீலர் இழுத்துவிடுங்கள். வண்டியின் வடிகால் துளைகளில் மட்டும் சீலர் ஏறவே கூடாது.

7. மேல்பூச்சு. கல்லடி தாங்கும் அண்டர்பாடி கோட்டிங் கடைசியாக வரும். பிரைமர் முழுவதும் இறுகிய பிறகு அடியுங்கள்.

ஓட்டைக்கு டிங்கரிங் வேலை: பட்டறையில் கேட்க வேண்டியவை

ஓட்டை வேலையை நல்ல டிங்கர் கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் கைத்திறனைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. எப்படிச் செய்யப்போகிறார் என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

“அண்ணே, பழைய தகட்டை வெட்டி எடுப்பீங்களா, மேலேயே வச்சு ஒட்டுவீங்களா?” என்பது முதல் கேள்வி. அழுகிய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் இடையில் துரு அடைபட்டு, புதுத் தகட்டையும் சேர்த்துத் தின்னும். நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும்.

“கேஸ் வெல்டிங்கா, சி.ஓ.டூ வெல்டிங்கா?” என்பது அடுத்தது. கேஸ் வெல்டிங்கில் சூடு அகலமாகப் பரவும். சுற்றியுள்ள பெயிண்டும் உட்புறப் பூச்சும் கருகும். இன்றைய கார்களின் வலுவேற்றிய இரும்பு அந்தச் சூட்டில் வலிமை இழக்கும். சி.ஓ.டூ வெல்டிங்கில் சூடு ஓரிடத்தில் நிற்கும். பித்தளை வைத்து ஒட்டுவது பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. ஜி.ஐ. ஷீட் போட்டால் வெல்டு விழும் ஓரத்தில் துத்தநாகத்தை இழைத்து எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் எரியும் புகை டிங்கரின் நெஞ்சுக்கு நல்லதல்ல.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி கழற்றப்பட வேண்டும். அந்தப் பக்கத்துச் சீட்டும் கார்ப்பெட்டும் ஒயர்களும் விலக வேண்டும். பெட்ரோல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருந்தால் இறக்கிவிட வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரன்னிங் போர்டை நீளமாக வெட்டுவதானால் வண்டியின் உடம்பு தொய்யாமல் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி முன்போலவே சீராக இருந்தால் உடம்பு கோணவில்லை.

பட்டியும் ஃபைபரும் வைத்து ஓட்டையை மூடும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டு செய்த இடத்தைக் கறுப்புப் பூச்சு ஏறுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். “கோட்டிங் அடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்கண்ணே” என்று சொல்லிவைத்தாலே வேலை நேர்த்தியாக வரும்.

ஒரு சட்ட விஷயம். சேஸிஸ் எண் பொறித்த இடத்தை வெட்டவோ இழைக்கவோ கனமாகப் பூசி மறைக்கவோ கூடாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதிப்பார்கள், அந்த எண்ணையும் பார்ப்பார்கள். துரு அந்த இடத்துக்கே வந்திருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கோட்டிங்: எது, எங்கே, எங்கே கூடாது

தார் கலந்த பூச்சும் ரப்பர் பூச்சும் கல்லடிக்கு நல்ல கவசம். சுத்தமான, பிரைமர் அடித்த தகட்டின் மேல் மட்டும்தான். காலப்போக்கில் அவை இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் போனால் வெளியே வராது. ஆகவே அடித்துவிட்டு மறந்துவிடாமல் வருடத்துக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் இவை போகாது. அங்கே மெழுகு வகைப் பூச்சை, நீளக் குழாய் மாட்டிய ஸ்ப்ரேயால் துளைகள் வழியே உள்ளே அடிக்க வேண்டும். அது இறுகாமல் தையல்களுக்குள் ஊர்ந்து இடம் பிடிக்கும். நம் ஊரில் பலர் விட்டுவிடும் வேலை இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான். மெழுகு தீப்பிடிக்கும் பொருள். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே அடியுங்கள்.

பழைய எஞ்சின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் ஸ்ப்ரே அடிப்பது லாரிக்காலத்து வழக்கம். காருக்கு வேண்டாம். ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, சொட்டுகிற இடத்தில் மண்ணும் கெடும்.

சைலன்சர், பிரேக் டிஸ்க், காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள், ரப்பர் புஷ், ஆக்சில் பூட், சென்சார், வடிகால் துளைகள் ஆகியவற்றில் எந்தக் கோட்டிங்கும் படக்கூடாது. அடிப்பதற்கு முன் இவற்றைக் காகிதமும் டேப்பும் கொண்டு மூடுகிறார்களா என்று பாருங்கள். மூடாமல் அடிக்கும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா

மேல்துருவும் சில செதில்களும் மட்டும் என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வேலைகளோடு முடிந்துவிடும். பாரம் தாங்கும் இடம் ஒன்றில் ஓட்டை, மற்றதெல்லாம் உறுதி என்றால், இரண்டு பட்டறைகளில் எழுத்தில் மதிப்பு வாங்கி, வண்டியின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். இருபக்க ரன்னிங் போர்டும் சஸ்பென்ஷன் இடங்களும் தரையும் ஒன்றாகப் போயிருந்தால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். அரசிடம் பதிவு பெற்ற வாகனக் கழிவு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

துருவினால் வந்த சேதத்துக்குக் காப்பீட்டில் பணம் எதிர்பார்க்க முடியாது. தேய்மானக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். வாங்கிய சில நாளிலேயே மறைக்கப்பட்ட ஓட்டை தெரியவந்தால், படங்களோடு விற்றவருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுக்கும் காலம் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் விற்கும்போதும் இதே நேர்மை வேண்டும். எங்கே துரு இருந்தது, என்ன வேலை செய்தீர்கள் என்று வாங்குபவரிடம் படத்தோடு சொல்லுங்கள்.

வருடம் முழுக்கச் செய்ய வேண்டியவை

- கடற்கரைக்கோ வெள்ளத் தண்ணீருக்குள்ளோ போய்வந்தால் அன்றோ மறுநாளோ அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையில் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வேறு கடை பாருங்கள்.
- கழுவிய கையோடு கவர் போட்டு மூடாதீர்கள். ஓட்டி உலர்த்திய பிறகே மூடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் கடலோரத்தில் வேண்டவே வேண்டாம்.
- செப்டம்பரில், மழைக்கு முன்: வடிகால் துளைகள், ஏ.சி. குழாய், வைப்பர் பள்ளம், கதவு ரப்பர்கள்.
- ஜனவரியில், மழைக்குப் பின்: லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பாருங்கள். கல்லடி பட்டு உரிந்த இடங்களுக்கு உடனே பிரைமர் தொட்டுவையுங்கள்.
- மிதியடிக்கு அடியில் வாரம் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு ஜனவரியும் எடுக்கும் படங்களைச் சென்ற வருடப் படங்களோடு ஒப்பிட்டால் துரு நின்றுவிட்டதா, நகர்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். நின்றிருந்தால் நீங்கள் செய்த வேலை சரி. நகர்ந்திருந்தால் ஈரம் வரும் வழி எங்கோ இன்னும் திறந்திருக்கிறது. புதிதாகக் கோட்டிங் அடிக்காதீர்கள். முதலில் அந்த வழியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.